ஏழு முறை ஏறிய சாரம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

‘கணினி மிக வேகமானது’ என்று முதலாண்டு முதல் எழுதி நாம் மதிப்பெண் பெற்று வருகிறோம். நானும் எழுதினேன். ஆனால் வேகமான கணினியையும் ஒரு சோம்பேறி நிரல் முடக்கிப் போடும் என்பதை இந்த ஆண்டுதான் கண்டேன். அதுவும் கணக்குப் போடுவதில் அல்ல. போட்ட கணக்கை எழுதிக் காட்டுவதில்!

விடுமுறையில் ஒரு சிறு டிஸ்அசெம்ப்ளர் எழுத முனைந்தேன். நாம் எழுதும் கட்டளையை எந்திர எண்ணாக மாற்றுவது அசெம்ப்ளர். அதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது டிஸ்அசெம்ப்ளர். ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியில் 00628533 என்ற பதினாறடிமான எண்ணைக் கொடுத்தால், ‘ஆட் ஏ0, டி0, டி1’ என்று அது எழுதித் தரவேண்டும். டி0, டி1 என்ற பதிவகங்களில் உள்ளவற்றைக் கூட்டி ஏ0-இல் வை என்பது பொருள்.

2010-இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இத்தொகுதியைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகளுக்கு இதுவே மொழி. 2018-இல் அவற்றுள் ஒன்றில் லினக்ஸ் ஓடியது. வேங்கிக்காலில் காலையில் பேருந்து ஏறினால் மதியத்திற்குள் போய்ச் சேரும் ஊரில் வடிவமைத்த சில்லு! அதன் மொழியை நாமும் படித்துப் பார்ப்போமே என்றுதான் தொடங்கினேன்.

விடை சரியாகவே வந்தது. பெரிய கோப்பைக் கொடுத்தபோதோ நிரல் ஊர்ந்தது. கட்டளையைப் பகுக்கும் பகுதியே குற்றவாளி என்று எண்ணி இரண்டு நாள் அதையே திருத்தினேன். பயனில்லை. பிறகு, எழுதும் வரிகளை மட்டும் நீக்கி ஓட்டினேன். ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது!

கட்டளைப் பெயருக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று, மூன்று பதிவகங்களுக்கு மூன்று, இரண்டு காற்புள்ளிகளுக்கு இரண்டு என ஒரு வரிக்கு ஏழு முறை பிரின்ட்எஃப்பை அழைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அது வடிவக் குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, என்ன வேண்டும் என்று அறிந்த பிறகே எழுதும். ஒரு காற்புள்ளிக்கு இத்தனை சடங்கு! போதாததற்கு, நிரல் நடுவில் நின்றால் எங்கே நின்றது என்று தெரியவேண்டுமே என ஒவ்வொன்றின் பின்னும் ஃபிளஷ் வேறு. அதாவது துண்டுக்கு ஒரு முறை இயக்க முறைமையின் கதவைத் தட்டியிருக்கிறேன்.

என் தாயார் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரவுச் சாப்பாட்டின்போது இதை அவரிடம் சொன்னேன். “ஏன்டா, ஒவ்வொரு கல்லா தூக்கிக்கினு சாரம் ஏறினா, மேஸ்திரி அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாரு” என்றார். பஃபர் பற்றி நான் படித்த பக்கங்கள் அனைத்தும் அப்போதுதான் விளங்கின.

நினைவகத்தில் ஒரு நீண்ட எழுத்து வரிசையை வைத்துக்கொண்டேன். பெயர்களை அதில் நேரே நகலெடுத்தேன். காற்புள்ளியை வெறுமனே ஓர் எழுத்தாக வைத்தேன். பதினாறடிமான எண்ணுக்குப் பதினாறு எழுத்துகள் கொண்ட ஓர் அட்டவணை போதும். வரிசை நிரம்பியதும் மொத்தத்தையும் ஒரே நடையில் வெளியே அனுப்பினேன். நான் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை ஓடிக்கொண்டிருந்த நிரல், எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது.

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று, உலகெங்கும் பயன்படும் க்னூ ஆப்ஜ்டம்ப்பின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். அவர்களும் காற்புள்ளியைத் தனி அழைப்பாகவே அனுப்புகிறார்கள்! ஆனால் அத்துண்டுகள் முதலில் நினைவகத்தில் ஒரு வரியாகச் சேர்கின்றன. பல வகைச் செயலிகளுக்கும் பொதுவான வழி வேண்டுமென்றால் இப்படித்தான் செய்யவேண்டியிருக்கும். 2022 முதல் பதிவகம், எண் என ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் தீட்ட முடிவதும் துண்டுகளாக அனுப்புவதால்தான். எனவே அவர்களைக் குறைகூற நான் யார்? என் பழைய நிரல்தான் படிப்பதற்கு எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அளந்து பாராமல் திருத்தப் புகுந்ததே நான் செய்த பிழை.

‘புதுக் கணினி வாங்கினால் சரியாகிவிடும்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். வாங்கக்கூடியவருக்கு ஏற்ற வைத்தியம் அது. ஒரு கணினிக்கு மூவர் வரிசையில் நிற்கும் இடத்தில், என் சோம்பேறி நிரல் தின்னும் நேரம் பின்னால் நிற்பவருடையது அன்றோ?

செய்முறைத் தேர்வில் என் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். இது எனக்கு உடன்பாடில்லை. விடைக்குப் பக்கத்தில், ஓடிய நேரத்தையும் எழுத ரெகார்டு நோட்டில் ஒரு கட்டம் ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். பருவத்திற்கு ஒரு முறையேனும், பிறர் எழுதிய ஒரு பெரிய மூலநிரலைத் திறந்து படிக்கச் செய்யவும் வேண்டும். படிக்கக் காசில்லை, திறந்தே கிடக்கிறது.

என் நிரலில் தாவல் கட்டளைகளுக்கு முகவரி எழுதும் பகுதி இன்னும் பிரின்ட்எஃப்பையே நம்பியிருக்கிறது. சேர்ந்து திருத்த விரும்பும் தோழர்கள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரலாம்.