டிரைவரைத் தேடியும் மருத்துவம் வரட்டும்

வேலூரிலிருந்து தூத்துக்குடி போகும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கண்ணமங்கலம் தாண்டி எங்கள் சந்தவாசலைத் தொட்டுக்கொண்டுதான் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறது. பகலில் அது படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிட வருகிறவர்களின் ரோடு. இருட்டிவிட்டால் லாரிக்காரர்களின் ரோடு. தெற்கே தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏறி வரும். களம்பூர், ஆரணி மில்களுக்கு நெல் வரும், அங்கிருந்து அரிசி மூட்டை போகும். ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுதான் ஞாபகம் வரும். எங்கள் வட்டாரத்தில் அடுப்பு எரிவதில் அரிசிக்கும் பங்குண்டு. அந்த அரிசியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற லாரி டிரைவரின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை இதுவரை நாம் யாரும் ஊர்ப் பிரச்னையாகப் பேசியதில்லை. பேசியாக வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர் உட்கார்ந்துதானே இருக்கிறார், அவருக்கென்ன கஷ்டம் என்று நினைப்பவர்கள் சித்திரை வெயிலில் பழைய லாரி கேபினில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். மேலே வெயில், பக்கத்தில் இன்ஜின் சூடு. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும், வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்காது. அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகக் கல்லும் மூலமும் இந்தத் தொழிலில் இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். முதுகுத்தண்டு தேய்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கிடைப்பது பரோட்டாவும் சால்னாவும். தூக்கம் வராமலிருக்க டீ, பீடி, உதட்டுக்கடியில் ஹான்ஸ் புகையிலை. இப்படிப் பத்து வருஷம் ஓட்டியவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வந்தாலும் அவருக்குத் தெரியாது. கனரக லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. சர்க்கரை கண்ணையும் காலையும் கெடுக்க ஐந்து வருஷம் தாராளமாகப் போதும்.

முன்பெல்லாம் வண்டியில் இரண்டு பேர் இருப்பார்கள். டிரைவருக்குத் துணையாகக் கிளீனர். டயரைத் தட்டிப் பார்ப்பான், தார்ப்பாய் கட்டுவான், ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்து உலை வைப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரி இரண்டு மணிக்கு "அண்ணே, தூங்கிடாதீங்க" என்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே வருவான். அந்தக் கிளீனர் இப்போது பல வண்டிகளில் இல்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஓனர்கள் நிறுத்திவிட்டார்கள், பையன்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் மத்திய அரசு 2018ல் எடுத்துவிட்டது. ஜிபிஎஸ் இருக்கிறது, ஃபாஸ்டேக் இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்று ஓனருக்குத் தெரிகிறது. ஓட்டுகிறவர் எப்படி இருக்கிறார் என்று அந்தக் கருவிகள் சொல்லாது.

தனியாக ஓட்டுவதென்பது தனியாகக் காவல் காப்பதும்தான். டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு, தார்ப்பாயைக் கிழித்து மூட்டையை இறக்குவது என்று எல்லாவற்றுக்கும் பயந்து, நிறுத்திய வண்டியிலும் ஒரு கண்ணைத் திறந்துவைத்துத்தான் படுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவே லோடு எப்போது சேரும் என்று போன் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வரும்போது அவர் நாக்பூரில் இருப்பார். சொந்தத்தில் ஒரு சாவு என்றாலும் எடுப்பதற்குள் வந்து சேர முடியாது. எங்கே விபத்து நடந்தாலும் யார் மேல் தப்பு என்று பார்ப்பதற்கு முன்பே பெரிய வண்டிக்காரன் மேல்தான் கை ஓங்கும். உயிர் போன விபத்தில் போலீசுக்குச் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தில் வந்தபோது, 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தது பயம். நின்றால் கும்பலிடம் அடி, போனால் ஜெயில் என்ற பயம். இந்தப் பயத்தை, தனிமையை, பணக்கவலையை எல்லாம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் ஒருநாள் பாட்டிலில் போய் விழுந்தால், குடிகார டிரைவர் என்று முடித்துவிடுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர ஓட்டத்தில் நாளுக்கு 10 மணி நேரம் வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒருநாள் விடுப்பு. இரவு தங்கும் இடத்தில் ஓய்வறை. படிக்க நன்றாக இருக்கும் இந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தது. லாரித் தொழிலில் பெரும்பாலான வண்டிகள் ஒன்று, இரண்டு லாரி வைத்திருக்கும் சிறு ஓனர்களுடையவை. அறுபது வருஷம் அந்தச் சட்டம் நம் டிரைவர்களைப் பெரும்பாலும் எட்டவே இல்லை. இப்போது அதற்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு அந்த ஐந்தைப் பத்தாக்கிவிட்டது. அரசு குறிப்பிடும் வயது, பிரிவுத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று அதே தொகுப்பு சொல்கிறது. ஆனால் ஒற்றை லாரி ஓனரிடம் வேலை பார்க்கும் டிரைவருக்கு அதைக் கேட்க வழியில்லை. இது பெரிய அநியாயம்.

சேவ்லைஃப் அறக்கட்டளை 2020ல் வெளியிட்ட ஆய்வில், டிரைவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் ஓட்டுவதாகவும், ஏறக்குறையப் பாதிப் பேர் தூக்கமோ களைப்போ வந்த பிறகும் ஓட்டுவதாகவும் சொன்னார்கள். நம் மாநிலத்தில் பல இடங்களில் போலீசார் விடியற்காலையில் லாரியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் நல்ல மனசு இருக்கிறது. ஆனால் டீ தூக்கத்தைத் தள்ளிவைக்கும், தீர்க்காது. 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்றார்கள். வரவேற்கிறோம். இன்று ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளின் டிரைவர்கள், அந்த வண்டிகள் ஓய்கிறவரை வெந்துகொண்டுதான் இருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதனை, வீட்டுக்கே மாத்திரை. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வாங்கியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் இதனால் நன்றாக இருக்கிறார்கள், இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் வந்து கதவைத் தட்டும்போது நெடுந்தூர டிரைவர் வீட்டில் இருப்பதில்லை. மனைவி மாத்திரையை வாங்கி வைத்தாலும், பத்து நாள் என்று கிளம்பிய டிரிப் லோடு கிடைக்காமல் இருபது நாள் ஆகிறது. மாத்திரை பாதியில் தீர்ந்துவிடும். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்காரும் ஆரணி நெசவாளிக்கும் முதுகுவலி உண்டு, கண் போவதும் உண்டு. ஆனால் அவருக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, முகாம் என்றால் பத்து பேரைக் கூட்டிவர ஆள் இருக்கிறது, எழுந்தால் வீடு இருக்கிறது. டிரைவருக்குச் சங்கமும் தூரம், வீடும் தூரம்.

ரோட்டிலேயே இருக்கிறவருக்கு எப்படி வைத்தியம் செய்வது என்று அதிகாரிகள் கேட்கலாம். ஏற்கெனவே செய்திருக்கிறோம். 1990களில் எய்ட்ஸ் பரவியபோது, சென்னையில் உள்ள விஎச்எஸ் மருத்துவமனை 1995ல் தொடங்கிய அபாக் திட்டம் நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் இடங்களையே தேடிப்போனது. அதன் பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் அவாகன் திட்டத்தில், லாரிகள் கூடும் இடங்களில் குஷி கிளினிக்குகள் நடந்தன. ஓட்டல் வாசலில், புக்கிங் ஆபீஸ் பக்கத்தில் டிரைவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள், பரிசோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். அன்று அவர்களைத் தேடிப்போனதற்குக் காரணம், அவர்களால் மற்றவர்களுக்கு நோய் வந்துவிடுமோ என்ற பயம். அவர்கள் உடம்பு அவர்களுக்கே வேண்டும் என்பதற்காகவும் ஒருமுறை தேடிப்போகலாமே. அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பிரஷர் மிஷின், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு நர்ஸ் போதும்.

எங்கள் பக்கத்திலேயே இதைத் தொடங்கலாம். டிரைவர் அதிக நேரம் சும்மா நிற்பது மில் வாசலில்தான். நெல் இறக்கவும் அரிசி ஏற்றவும் அரை நாள், சில சமயம் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கிறார். திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் களம்பூர், ஆரணி அரிசி ஆலைகளில் மாதம் ஒருமுறை டிரைவர்களுக்கென்று மருத்துவ முகாம் நடத்த வேண்டும். கண், பிரஷர், சர்க்கரை மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். சர்க்கரை இருக்கும் டிரைவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றாலும் அவருக்கு மாத்திரை கிடைக்கட்டும். அதே முகாமில் தொழிலாளர் துறையினரும் உட்கார்ந்தால், அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவையும் முடித்துவிடலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து இழப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அந்த வாரியத்தில் உண்டு. ஆட்டோக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அது லாரிக்காரர்களுக்குத் தெரியவில்லை.

மில் உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியூர் டிரைவருக்குக் கதவு வைத்த ஒரு கக்கூஸ், குளிக்கத் தண்ணீர், கட்டில் போட நிழல் வேண்டும். உங்கள் அரிசியைச் சேதமில்லாமல் கொண்டுபோகிறவருக்கு இதைச் செய்வது தர்மம் அல்ல, கடமை.

நாடு முழுக்க நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு நவீன ஓய்வு மையங்கள், முதற்கட்டமாக 1000 என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். அந்தக் கணக்கில் வேலூர்–திருவண்ணாமலை ரோட்டையும் சேர்க்க வேண்டும். கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே விளக்கும் கழிப்பறையும் காவலும் உள்ள ஒரு லாரி நிறுத்துமிடம் அமைந்தால், டிரைவர் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கலாம். தேசிய நெடுஞ்சாலைத் துறையிடம் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மனசு கனத்தால் பேசுவதற்கு 14416 என்ற டெலிமனஸ் எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை டோல்கேட்டிலும் பங்கிலும் மில் வாசலிலும் பெரிதாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் லாரி ஓட்டுகிறவர் இருந்தால், இந்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது முதல் வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள். ஓனர்களே, அதற்காக அவருக்கு ஒருநாள் கூடுதல் லீவு கொடுங்கள், பேட்டாவைப் பிடிக்காதீர்கள்.