பிழைத்தால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

"மூளையில் கட்டி வந்த பிள்ளை. ஹயாத்தோட வீடு வந்ததே பெரிய விஷயம். இனிப் படிப்பு எதுக்கு சேர்?"

ஆசிரியர்களாகிய எங்களிடம் சொல்லப்படும் பேச்சு இது. இரக்கம் போலத் தெரியும். உண்மையில் இது பிள்ளையைக் கைவிடும் பேச்சு.

ஒப்பரேஷன் என்றால் ஊரே ஒன்றுசேர்கிறது. வட்ஸ்அப் குழுமம், ஜும்ஆவுக்குப் பிறகு வசூல். மாஷா அல்லாஹ். பிள்ளை வீடு வந்ததும் குழுமம் கலைகிறது. வைத்தியத்தின் மறுபாதி அன்றுதான் தொடங்குகிறது என்பதை யார் சொல்வது?

சிறுவர்களின் மூளைக் கட்டிகளில் பல, சிறுமூளைப் பக்கம் வருபவை. அகற்றிய பின் நடை தள்ளாடலாம், கை நடுங்கலாம். சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாளில் பேச்சே நின்றுவிடும். திரும்பி வர மாதங்களும் ஆகலாம். நடையை மீட்கப் பிசியோதெரபி. பட்டன் போட, பேனை பிடிக்க, தானாக உண்ணப் பழக்கத் தொழில்வழிச் சிகிச்சை. பேச்சுக்கும், புரையேறாமல் விழுங்குவதற்கும் பேச்சு சிகிச்சை. இவை காசுள்ளவர்களின் ஆடம்பரமல்ல. "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கட்டிலில் கிடத்துவதும், எண்ணெய் தேய்ப்பதும் இவற்றுக்கு ஈடாகாது.

அதிகாரிகளிடமும் கேட்கிறோம். ராகமையில் புனர்வாழ்வுக்கென்றே அரச வைத்தியசாலை இருக்கிறது. நல்லது. பொத்துவிலிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். கிழமைக்கு இரண்டு தரம் ஒரு தாய் எப்படிப் போய் வருவார்? தமிழில் பேசிய பிள்ளைக்குத் தமிழில்தானே பேச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பாடசாலைக்கும் பொறுப்பிருக்கிறது. மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளை மெதுவாக எழுதலாம். ஞாபகமும் கவனமும் தளரலாம். வருடங்கள் கழித்தும் வெளிப்படலாம். அது சோம்பலல்ல. அந்தப் பிள்ளையை "மொக்கு" என்று பின்வாங்கில் இருத்துவது அநியாயம். முன்வாங்கில் இருத்துங்கள். குறிப்பை எழுதிக் கொடுங்கள். இடையிடையே ஓய்வு கொடுங்கள். விசேட தேவையுள்ளோருக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாம்; அதிபர் ஊடாக நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

வசூல் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணக்குப் போடும்போது, ஒப்பரேஷன் செலவோடு ஆறு மாதத் தெரபிச் செலவையும் பஸ் காசையும் சேர்த்துப் போடுங்கள். நடப்பதும், பேசுவதும், படிப்பதும் அந்தப் பிள்ளையின் ஹக். யாரும் போடும் பிச்சையல்ல.