இணைந்தன நிறுவனங்கள், பிரிந்தனர் விமானிகள்!



கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, நாடகக் கொட்டகையே கதியென்று கிடந்த நாட்களில் நான் ஒரு வேடிக்கை கண்டேன். வேடிக்கை என்கிறேன், அன்று அழுதவர்களே அதிகம். இரண்டு குழுக்களை ஒரே முதலாளி வாங்கினார். "இன்று முதல் நாம் ஒரே குடும்பம்" என்றார். மாலை சூட்டினார். மிட்டாய் வழங்கினார். மறுநாள் ஒத்திகைக்குச் சென்றால், அரசன் வேடத்துக்கு இருவர் நிற்கின்றனர், கிரீடமோ ஒன்று! இவர் பதினைந்து ஆண்டு நடித்தவர். அவர் நடித்தது எட்டே ஆண்டு. ஆனால் அவருடைய குழுவுக்குத்தான் கொட்டகை நிரம்பும். எவர் அரசர்? எவர் வாயிற்காவலர்? முதலாளி வாய் திறக்கவில்லை. "நீங்களே பேசி முடித்துக் கொள்ளுங்கள்" என்றார். பேசினர், தோழரே, பேசினர்! பேச்சு முற்றி ஒட்டுத்தாடிகள் பறந்தன. அந்தச் சந்தடியில் தம் இருவர் கூலியும் குறைந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை.

கிரீடத்தை எடுத்துவிட்டு விமானியின் தொப்பியை வையும். கொட்டகைக்குப் பதில் விமான நிலையம். கதை அதேதான்.

"விமானிக்கென்ன! கைநிறையச் சம்பளம், கண்ணைப் பறிக்கும் உடுப்பு. அவனுக்காகவா நம் ஏட்டில் கட்டுரை?" என்று நீர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. சம்பளம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலின் உள்ளமைப்பைச் சற்று உற்றுப் பாரும். அமெரிக்க விமானிக்கு வாழ்வும் தாழ்வும் ஒரே ஓர் எண்ணில் அடங்கும். அதுதான் பணிமூப்பு எண். எந்த விமானம் ஓட்டுவது, எந்த ஊரில் தங்குவது, தீபாவளியோ கிறிஸ்துமசோ வீட்டில் இருப்பதா விண்ணில் இருப்பதா, துணை விமானி எப்போது தலைமை விமானி ஆவது, எல்லாம் அந்த எண் சொல்லும். ஆட்குறைப்பு வந்தால் எவர் முதலில் வெளியேறுவது என்பதையும் அதே எண்தான் சொல்லும். கடைசியில் வந்தவர் முதலில் போவார். கொல்லனும் தச்சனும் பட்டறை மாறினால் கைத்தொழில் கூடவே போகும், கூலியும் கூடவே போகும். இருபதாண்டு பறந்த விமானி வேறு நிறுவனத்துக்குச் சென்றாலோ, அங்கே அவர் பட்டியலின் கடைசிப் பெயர்! ஆகவே அவர் விலகவும் முடியாது. விட்டுக் கொடுக்கவும் முடியாது. அந்தப் பட்டியல் இரண்டும் ஒன்றாகும் நாளில் அவர் உறக்கம் கெடுவதில் வியப்பென்ன?

நம் நாட்டுக் கதையையே எடுத்துக் கொள்வோம். 1953இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, எட்டு விமான நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்சை உருவாக்கிற்று. வெளிநாட்டுப் பயணம் ஏர் இந்தியாவின் பங்கு. உள்நாட்டுப் பயணம் இந்தியன் ஏர்லைன்சின் பங்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் இரு வீடுகளாகவே வாழ்ந்தனர். இரு ஊதிய முறை, இரு பதவி ஏணி, இரு சங்கம்! அங்கே இந்திய விமானிகள் கில்டு. இங்கே இந்திய வணிக விமானிகள் சங்கம்.

2007இல் ஒன்றிய அரசு இரண்டையும் இணைத்தது. பெயர்ப்பலகையை மாற்றினர்; வண்ணத்தை மாற்றினர். ஊதியம்? அப்படியே இரண்டு. பதவி உயர்வு? அப்படியே இரண்டு. ஒரே நிறுவனம், ஒரே உடுப்பு, ஆனால் பழைய வீட்டுக்கொரு கணக்கு! நான்கு ஆண்டு பொறுத்தனர். 2011 ஏப்ரல் இறுதியில், சம ஊதியம் கேட்டு, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பத்து நாள் நடந்தது. வழக்குமன்றம் தடுத்தது, நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது, சிலர் நீக்கப்பட்டனர். பிறகு சமரசம் வந்தது, நீக்கப்பட்டோர் திரும்பினர், அங்கீகாரமும் திரும்பியது. அதன் பின்னரே நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தனர், ஊதியத்தையும் பதவிப் படிகளையும் ஒழுங்கு செய்ய. 2012 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. மணமேடையில் தாலி கட்டி ஐந்தாண்டு கழித்துப் பொருத்தம் பார்த்த புதுமை, தோழரே, நம் நாட்டில்தான் நடந்தது!

அதே ஆண்டு மே மாதம் மறுபக்கம் வெடித்தது. ஏர் இந்தியா, இணைப்புக்கு முன்பே 27 ட்ரீம்லைனர் விமானங்களுக்கு ஆணை கொடுத்திருந்தது. அவற்றை ஓட்டும் பயிற்சி எவர்க்கு? "எங்கள் நிறுவனம் வாங்கிய விமானம், எங்களுக்கே" என்றனர் பழைய ஏர் இந்தியாவினர். "இப்போது ஏது உங்கள் நிறுவனம், எங்கள் நிறுவனம்? ஒன்றுதானே!" என்றனர் மற்றவர். பெரிய விமானத்தில் ஏறியவர் ஏணியில் ஏறியவர். ஏறாதவர் அடிப்படியிலேயே நிற்பவர். 58 நாள் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். 101 விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இம்முறை அங்கீகாரம் இழந்தது கில்டு. முதற்போரில் ஒரு சங்கம், இரண்டாம் போரில் மறு சங்கம்! ஒரு முறையேனும் இரண்டும் ஒரே களத்தில் நின்றிருந்தால்? என் வயிறு எரிவது அதை எண்ணித்தான்.

அமெரிக்காவில் இது முறையாக நடந்துவிட்டதோ என்று எண்ணாதீர். 2001இல் நொடித்துப்போன டி.டபிள்யு.ஏ.வை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிற்று. டி.டபிள்யு.ஏ. விமானிகள் சுமார் 2,300 பேர். இணைப்பின்போது பணிமூப்பைக் காக்கும் விதி அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருந்தது. திவால் வழக்கைக் காட்டி, அதைக் கைவிடுமாறு நெருக்கினர், அவர்களும் கைவிட்டனர். அந்நாட்டுச் சட்டப்படி ஒரு நிறுவனத்து விமானிகளுக்கு ஒரே சங்கம்தான். வாங்கிய நிறுவனத்தின் சங்கமோ எண்ணிக்கையில் பெரிது. விளைவு? ஏறத்தாழப் பாதிப்பேரைப் பட்டியலின் அடியில் ஒட்டினர். நேற்று தலைமை விமானி. இன்று, நேற்றுச் சேர்ந்த இளைஞனுக்கும் கீழே! அந்த ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பயணம் சுருங்கி ஆட்குறைப்பு வந்தபோது, அடியில் இருந்தவர்களே முதலில் தெருவுக்கு வந்தனர். அவர்களுடைய பழைய சங்கம் கடமை தவறியது என்று 2011இல் ஒரு நடுவர் குழு தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து! அதற்குள் நரைத்த தலைகள் எத்தனையோ.

ஒன்று மட்டும் நல்லது விளைந்தது. 2007இல் மிசௌரி மாநிலத்து மேலவை உறுப்பினர்கள் மெக்காஸ்கில், பாண்ட் இருவரும், எதிரெதிர்க் கட்சியினராயினும், ஒன்றுபட்டுச் சட்டம் கொணர்ந்தனர். விமான நிறுவனங்கள் இணைந்தால் பணிமூப்பை நியாயமாகவும் சமமாகவும் ஒருங்கிணைக்க வேண்டும். உடன்பாடு இல்லையேல் நடுவரிடம் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

நடுவர் வந்தால் எல்லாம் தீருமா? அதுவும் இல்லை. 2005இல் யுஎஸ் ஏர்வேசும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. முன்னது பழையது, இருமுறை நொடித்தது, விமானிகள் பலர் வேலையின்றி வீட்டிலிருந்தனர். பின்னது இளையது, அதன் விமானிகள் வேலையில் இருந்தனர். "சேர்ந்த தேதியே அளவுகோல்" என்றது கிழக்கு. "இணையும் நாளில் எவர் எங்கே நின்றார் என்பதே அளவுகோல்" என்றது மேற்கு. இரண்டிலும் நியாயம் உண்டு, தோழரே, கொடுமையே அதுதான்! நடுவர் நிக்கோலாவ் 2007இல் தீர்ப்பளித்தார்: பெரிய விமானம் ஓட்டிய கிழக்கத்திய மூத்தோர் உச்சியில், வீட்டிலிருந்தோர் அடியில், இடைப்பட்டோர் கலந்து. கிழக்கினர் கொதித்தனர். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். ஆகவே 2008இல் வாக்கெடுப்பின் வழியே பழைய சங்கத்தையே தூக்கி எறிந்து, புதுச் சங்கம் கண்டு, தீர்ப்பைக் கிடப்பில் போட்டனர். வாக்குப் பெட்டியை வணங்குபவன் நான். ஆயினும், நடுவரை ஏற்பதாகச் சொல்லிவிட்டு, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் பெரும்பான்மையைக் கொண்டு சிறுபான்மையை மிதிப்பதை ஜனநாயகம் என்று கூற என் நா எழாது. வழக்கு மேல் வழக்கு. புதிய பொது ஒப்பந்தம் இன்றி இரு சாராரும் ஆண்டுக்கணக்கில் பழைய ஊதியத்திலேயே உழன்றனர். அந்த மிச்சம் எவர் பைக்குப் போயிற்று? 2013இல் அந்த நிறுவனமே அமெரிக்கனோடு இணைந்தது. முழுப் பட்டியல் 2016இல்தான் முடிந்தது.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவிடம் சென்றது. 2024 நவம்பர் 12இல் விஸ்தாரா அதனுள் கரைந்தது. அதற்கு முன், அவ்வாண்டு ஏப்ரலில், விஸ்தாரா விமானிகள் பலர் ஒரே வேளையில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். பயணங்கள் பல ரத்தாயின. காய்ச்சலின் காரணம் புதிய ஊதிய ஒப்பந்தம்: மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த ஊதியத்தை 40 மணி நேரத்துக்குக் குறைத்தனர். "இரு நிறுவனத்தாரையும் ஒன்றாக்கவே இது" என்றது விளக்கம். ஒன்றாக்கும்போது எப்போதும் கீழிருப்பதை மேலே தூக்காமல், மேலிருப்பதைக் கீழே இழுப்பது என்ன கணக்கோ!

நம்மிடம் மெக்காஸ்கில்–பாண்ட் போன்றதொரு சட்டம் இல்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு, 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கத்தையே பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறது. இணைப்பில் சிறிய பக்கத்தாருக்கு அங்கே நாற்காலி எது? வங்கிகள் இணைந்தன, 2020இல் இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி கலந்தது. நாளை எதெது இணையுமோ! ஆகவே நம் தொழிற்சங்கத் தோழர்கள் கேட்க வேண்டியது இது: இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்னரே பணிமூப்பு விதி எழுதப்பட வேண்டும், நடுவரை இரு பக்கமும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டியல் முடியும் வரை சிறிய சங்கத்துக்கும் பேச்சு மேடையில் இடம் வேண்டும், வேலைநிறுத்தத்துக்குத் தண்டனையாக அங்கீகாரத்தைப் பறிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இன்னொரு செய்தி சொல்ல மறந்தேன். 2011இல் ஒன்றும் 2012இல் ஒன்றுமாகத் தனித்தனியே அடிபட்டனவே, அந்த இரு சங்கங்கள்! 2023 ஏப்ரலில் ஏர் இந்தியாவின் புதிய உரிமையாளர் தனித்தனி விமானியிடம் புதிய ஒப்பந்தத்தை நீட்டியபோது, "கையெழுத்திடாதீர்" என்று இரண்டும் சேர்ந்து அறிவித்தன. இணைப்பு நடந்து பதினாறாவது ஆண்டு அது.