ஆகாயத்தில் ஒரு கோழித்துண்டு



சென்ற வாரம் பக்கத்து வளவுச் சகோதரி ஒருத்தி என் வாசலுக்கு வந்தாள். அவளுடைய மூத்த மகள் முதல்முறையாக ஷார்ஜாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள்.

"ராத்தா, பிளேன்ல பேர்கர், பொரிச்ச கோழி எல்லாம் குடுக்கிறாங்களாமே. நம்மட புள்ள அதச் சாப்பிடலாமா? காசு கேப்பாங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காததால் ஒருமுறை நான் பட்டினி கிடந்திருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு மதுரங்குளிக்கு வந்து ஓலைக் குடிசையில் வாழ்ந்தோம். பிள்ளைகளின் படிப்புக்காக 1998 இல் நான் ரியாத்துக்குப் புறப்பட்டேன். மாலையில் வீட்டில் சோறு தின்றுவிட்டு வானில் ஏறியவள் நான். கட்டுநாயக்காவில் இரவு முழுவதும் காத்திருந்து, விடியற்காலையில் விமானம் ஏறினேன். பணிப்பெண் தட்டை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தேன். அது ஹலாலா என்று தெரியாது. காசு கேட்டால் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. உண்மையில் அந்தச் சாப்பாடு பயணச்சீட்டின் விலையிலேயே சேர்ந்திருந்தது, ஹலாலாகவும் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எஜமானர் வந்து அழைத்துப் போய், அந்த வீட்டில் முதல் கவளம் கிடைத்தபோது ஒரு முழு நாள் கடந்திருந்தது.

சில வருடங்களுக்குப் பின் திரும்பி வந்தபோது நிலைமை வேறு. அது மலிவுக் கட்டண விமானம். சாப்பாடு இலவசம் என்று நம்பிக் காத்திருந்தேன். பெட்டியில் அடைத்த பேர்கரை விலை சொல்லி விற்றார்கள். சம்பளம் முழுவதையும் வங்கி மூலம் அனுப்பிவிட்டதால் கையில் காசில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சிங்களச் சகோதரி தன் பேர்கரைப் பாதியாகப் பிய்த்துத் தந்தாள். அதில் இருந்தது மீன். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

விமானத்தில் துரித உணவு மூன்று விதமாக வருகிறது. முதலாவது, விருந்தாக. ஜப்பானில் நத்தார் காலத்தில் கே.எஃப்.சி. கோழி சாப்பிடுவது 1970களிலிருந்தே வழக்கம். அதனால் 2012 டிசம்பரில் தொடங்கி ஜப்பான் எயார்லைன்ஸ் சில மாதங்கள் அமெரிக்கா, ஐரோப்பா செல்லும் விமானங்களில் அந்தக் கோழியைப் பரிமாறியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் பொஸ்டனிலிருந்து புறப்பட்ட விமானங்களில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு ஷேக் ஷாக் பேர்கர் கொடுக்கத் தொடங்கியது.

இரண்டாவது, விற்பனையாக. 2003 இல் பறக்கத் தொடங்கிய எயார் அரேபியா, 2009 இல் தொடங்கிய ஃபிளைதுபாய் போன்றவை சீட்டின் விலையைக் குறைத்து, உணவுக்குத் தனியாகக் காசு வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. நம் பெண்களில் பலர் பயணம் செய்வது இப்படிப்பட்ட விமானங்களில்தான்.

மூன்றாவது, அவசரத்துக்கு. 2023 ஜூலையில் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானம் ஒன்று கரீபியன் தீவான டேர்க்ஸ் அண்ட் கைகோஸிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. உணவு வண்டிகள் சரியாகக் குளிரூட்டப்படாததால் சாப்பாடு முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று. வழியில் நசாவு நகரில் தரித்தபோது, ஊழியர்கள் கே.எஃப்.சி. கோழி வாங்கி வந்து பயணிகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஒரு துண்டு போதாதுதான். ஆனாலும் பயணியைப் பசியோடு விடக்கூடாது என்று அவர்கள் எண்ணியதைக் கவனியுங்கள்.

ஏன் எறிந்தார்கள்? விமானத்தில் சமைப்பதில்லை. பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியும் அங்கே இல்லை. தரையில் சமைத்து, விரைவாகக் குளிரூட்டி, ஏறத்தாழ 5 பாகை செல்சியஸுக்குள் வைத்து ஏற்றுகிறார்கள். மேலே அதைச் சூடாக்க மட்டும் செய்கிறார்கள். குளிர் குறைந்தால் கிருமி பெருகும். இதனால்தான் பொரித்த கோழி அங்கே மொறுமொறுப்பாக இருப்பதில்லை, நனைந்த பாண் போல் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் நுவரெலியாவில் நிற்பது போலவோ, அதைவிட உயரத்தில் நிற்பது போலவோ இருக்கும். காற்றும் மிக வறண்டது. அதனால் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரியும். அதை ஈடுசெய்யச் சில நேரம் உணவில் உப்பைக் கூட்டுவார்கள். துரித உணவிலோ உப்பும் கொழுப்பும் ஏற்கெனவே அதிகம். பிரஷர், சீனி வருத்தம் உள்ள சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சீட்டு கைக்கு வந்ததும் முகவரிடம், "சாப்பாடு இதில் சேர்ந்ததா?" என்று கேளுங்கள். சேரவில்லையென்றால், முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள். முஸ்லிம் உணவு, இந்து உணவு, நீரிழிவு உணவு எனப் பல வகைகள் உண்டு. அவற்றைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன, ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எமிரேட்ஸ், கட்டார், சவூதியா போன்ற வளைகுடா நிறுவனங்களின் உணவு ஹலால்தான். மற்றவற்றில் கோழிக்கடையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயருள்ள கடை ஒரு நாட்டில் ஹலாலாகவும் இன்னொரு நாட்டில் அல்லாமலும் இருக்கலாம். சந்தேகமானால் மரக்கறியோ பழமோ கேளுங்கள்.

கையில் ரொட்டி, பேரீச்சம்பழம், பிஸ்கட் கொண்டு போகலாம். குழம்பு, தயிர், தண்ணீர் 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். வெறும் போத்தலை எடுத்துச் சென்று உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். சிறிதளவு டொலரோ திர்ஹமோ கைப்பையில் இருக்கட்டும். விமானம் நீண்ட நேரம் தாமதமானால், பணிப்பெண்ணிடமோ அலுவலகக் கருமபீடத்திலோ உணவும் தண்ணீரும் தரும்படி வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால் கிடைக்காமல் போகலாம். கேட்காவிட்டால் நாம் பசித்திருக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே தாயும் மகளும் முகவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். சீட்டில் சாப்பாடு சேர்ந்திருக்கவில்லை. சிறு தொகை கட்டி ஒரு கோழிச்சோறு பதிவு செய்தார்கள். அதற்கு மேலும் மனம் கேளாமல் தாய் ஆறு தேங்காய் ரொட்டி சுட்டு, காய்ந்த சம்பலோடு கட்டிக் கொடுத்தாள்.

"ஆறும் உனக்கில்ல புள்ள. பக்கத்துல பசியோட யாரும் இருந்தாக் குடு" என்று சொல்லி அனுப்பினாள். நான் ஒன்றும் பேசவில்லை. என் பேர்கர் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன்.