செந்தமிழ் வழக்கு ஒன்றோ, பலவோ?

ஒரு மொழிக்குச் செம்மையான வழக்கு ஒன்றே உண்டென்றும், இரண்டு காணப்படின் அவற்றுள் ஒன்று பிழையாதல் வேண்டுமென்றும் எண்ணுவார் பலர். யாம் அங்ஙனம் கருதவில்லை.

பிலிப்பைன் தீவுகளின் செய்தியை நோக்குக. அந்நாட்டுத் தேசிய மொழிக்குத் தகலோக் மொழியே அடிப்படையென 1937-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது 1959-இல் 'பிலிப்பினோ' என்றும், 1987-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தில் 'ஃபிலிப்பினோ' என்றும் பெயர் பெற்றது. பெயர் மாறியும், செபுவானோ முதலிய மொழியாளரின் மனக்குறை முற்றும் நீங்கிற்றில்லை. ஒன்றை உயர்த்திய அளவில் ஒருமை விளைந்துவிடாது.

நிற்க, நம் தமிழின் நிலை யாது? நாம் 'தேர்வு', 'மருத்துவமனை', 'குடியரசுத் தலைவர்' என்று எழுதுகின்றோம். இலங்கையார் 'பரீட்சை', 'வைத்தியசாலை', 'ஜனாதிபதி' என்று எழுதுவர். கனடா நாட்டு நகரம் நமக்கு 'டொராண்டோ'. ஈழத்தார் எழுத்தில் 'ரொறன்ரோ'. இவ்வேற்றுமைக்குக் காரணம் அறியாமையன்று. இங்கே தனித்தமிழ் உணர்ச்சி ஓங்கி ஆட்சிச் சொற்களை மாற்றியது. ஆங்கே பழைய வடசொற்கள் பல நிலைத்தன.

நம் பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் ஆண்டு உயிர்நீத்த சுப்பிரமணிய சிவா, தனித்தமிழில் கட்டுரை வரைவார்க்கு 1915-இலேயே தம் இதழில் பரிசு அறிவித்தார். அவ்விதழின் பெயரோ 'ஞானபானு' என்னும் வடசொற்றொடர்! புதியதை விரும்பிய அப்பெரியார் வழக்கிலிருந்ததைப் பழித்து ஒதுக்கினாரல்லர்.

வழக்கு வேற்றுமை பற்றிய ஐயமும் இன்று எழுந்ததன்று. 1850-இல் சென்னையில் அச்சேறிய விவிலிய மொழிபெயர்ப்பில், பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத் தமிழ் ஏற்குமோ எனச் சென்னையிற் சிலர் ஐயுற, மழவை மகாலிங்கையர் அதனை ஆராய்ந்து நன்றென்றார் என்பர். பின்னர் நாவலர் பதிப்பித்த நூல்களை இருகரைத் தமிழரும் போற்றிக் கற்றனர்.

இன்று நம் மாவட்டத்து முகாம்களில் ஈழத்தமிழர் வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் விடைத்தாளில் 'வைத்தியசாலை' என எழுதுவராயின், ஆசிரியர் அதன்மேற் சிவப்பு மை தீட்டுதல் முறையாமோ? அது சொல்லைத் திருத்துவதாகாது. பெற்றோரிடம் கற்ற தமிழைப் பிழையென்று பிள்ளைக்குக் கற்பிப்பதாகும். ஒருமை பன்மை மயக்கமும் சந்திப் பிழையும் யாண்டும் பிழையே. அவற்றைத் தயங்காது திருத்துக. ஒரு கட்டுரையுள் ஒரு வழக்கையே கைக்கொள்ளுமாறும் பணிக்க. ஆயின், பிற நாட்டுத் தமிழர் நூல்களையும் நம் மாணவர் இடர்ப்பாடின்றிப் படிக்கப் பயிலுதல் வேண்டும். வழக்குகள் பலவாயினும், ஒன்றையொன்று அறிந்திருக்கும்வரை மொழி ஒன்றே.