இரு நாட்டுச் சொத்து, இரண்டு உயில்

திருக்கடையூரில் அமிர்தகடேஸ்வரர் சன்னதியில் சதாபிஷேகம் கண்ட பெரியவர் ஒருவர், ஊர் திரும்பியதும் உயில் எழுத முற்பட்டார். இளமையில் மலேசியாவில் உழைத்து, ஈப்போவில் ஒரு வீடு வாங்கியவர் அவர். அங்கேயே வாழும் மகனுக்கு அவ்வீடு சேர வேண்டும் என்று, பல ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டு வழக்கறிஞர் மூலம் உயில் எழுதி வைத்திருந்தார். தேவகோட்டையில் உள்ள வீடும் நிலமும் மகளுக்கு என்பதே இப்போது எழுதிய இரண்டாவது உயில்.

எழுதிக் கொடுத்தவர், வழக்கமான ஒரு வாசகத்தையும் அதில் சேர்த்தார்: "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் யாவும் இதன் மூலம் ரத்து செய்யப்படுகின்றன." பெரியவரும் கையொப்பமிட்டார்.

அவர் இறைவனடி சேர்ந்த பின்னரே அந்த ஒரு வரியின் விளைவு தெரிந்தது. ஈப்போ வீட்டுக்கான உயிலும் ரத்தாகிவிட்டது. உயில் இல்லாத சொத்தாகக் கருதப்பட்ட அவ்வீடு, மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் வந்தது. அதன்படி, இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. முழு வீட்டையும் பெறவேண்டிய மகனுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கே. தன் பங்கை விட்டுக்கொடுக்க மகளுக்கு மனமிருந்தும், புகுந்த வீட்டார் இசையவில்லை. இருவருக்கும் நடுவே தவித்தவர் தாயார்.

இரண்டாவது உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்யப்பட்டதுதான். உயிலைப் பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமன்று. வாசகத்தில் உள்ள தவற்றைப் பதிவு திருத்திவிடாது.

அசையாச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டின் சட்டமே அதன் வாரிசுரிமையைத் தீர்மானிக்கும் என்பது பொது விதி. ஆகவே, ஒவ்வொரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனி உயில் எழுதுவது பலருக்கும் எளிதான வழி. அப்போது, "இந்தியாவில் உள்ள என் சொத்துகளை மட்டுமே இந்த உயில் கட்டுப்படுத்தும், மலேசியச் சொத்துக்காக இன்ன தேதியில் எழுதிய உயில் தொடர்ந்து நடைமுறையில் இருக்கும்" என்று தெளிவாக எழுத வேண்டும். ரத்து வாசகமும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

சாட்சிகள் விஷயத்திலும் கவனம் தேவை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டமோ இருவரும் ஒருசேர இருக்க வேண்டும் என்கிறது. சாட்சியாகக் கையொப்பமிடுபவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் எதையேனும் கொடுத்திருந்தால், அக்கொடை அங்கே செல்லாது. எனவே, சொத்தில் பங்கில்லாத இருவரை ஒன்றாக அமர்த்தி, அவர்கள் முன்னிலையில் கையொப்பமிடுவதே எங்கும் பாதுகாப்பானது.

அயல்நாட்டு உயிலை நிறைவேற்றும் பொறுப்பை, அந்நாட்டில் வசிக்கும் நம்பிக்கையானவரிடம் ஒப்படைப்பது அலைச்சலைக் குறைக்கும். அசல் உயில் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் அவசியம். இரண்டாவது உயிலை எழுதும் முன், முதல் உயிலின் நகலை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். பெரியவர் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.

சதாபிஷேகத்தன்று அவருடைய மகனும் மகளும் அருகருகே நின்று பாதபூஜை செய்தார்கள். அந்த ஒற்றுமை தமக்குப் பின்னும் நிலைக்க வேண்டும் என்றுதான் அவர் உயிலே எழுதினார். சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் கை, பிள்ளைகளைப் பிரித்துவிடாமலும் காக்க வேண்டும்.