கம்பியில் மாண்ட கழுகும் காகிதத்தில் வாழ்ந்த சட்டமும்

குறிபார்த்துச் சுட்டவன் மாத்திரந்தான் கொலைக்குப் பொறுப்பாளியா? தன் செயலால் உயிர்கள் மடியும் என்பதை அறிந்தும், தடுக்கும் வழி கையில் இருந்தும், வாளாவிருந்தவனுக்குப் பொறுப்பே கிடையாதா? அறநூல்கள் இக்கேள்விக்கு என்றோ விடை கூறிவிட்டன. சட்டமோ விடை கூறக் காலம் எடுத்தது. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி வந்தது. மாண்டவை பறவைகள். எதிரியாக நின்றது வேட்டைக்காரன் அல்லன். ஊர்களுக்கு ஒளி வழங்கிய ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம்.

அரசியல் வாரப் பத்திரிகையில் பறவைகளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வலிமை மிக்க நிறுவனம் ஒன்று வாயற்ற உயிர்களுக்கு அளிக்கும் வாக்குறுதி எப்பொழுது மெய்யாகிறது, எப்பொழுது வெறும் காகிதமாகிறது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள். அதனை அறிந்து வைத்திருப்பது சட்டத்தரணிக்கும் கமக்காரனுக்கும் ஒருங்கே பயன்படும்.

காகம் பிழைக்கிறது, கழுகு மாள்கிறது

மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் காகங்களை நாள்தோறும் காண்கிறோம். அவற்றுக்கு ஏன் ஒன்றும் நேர்வதில்லை என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரே கம்பியில் அமர்ந்திருக்கும் வரை பறவையின் உடலூடாக மின்சாரம் பாய வழியில்லை. இரண்டு கம்பிகளை ஒரே வேளையில் தொட்டாலோ, ஒரு கம்பியையும் நிலத்தோடு இணைக்கப்பட்ட உலோகத்தையும் சேர்த்துத் தொட்டாலோதான் உயிர் போகிறது. காகத்தின் உடல் பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு எட்டுவதில்லை. பொன்கழுகு செட்டை விரித்தால் நுனிக்கு நுனி ஏறக்குறைய 2 மீற்றர். அதற்கு எட்டுகிறது. இறகு நனைந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பறந்து பழகாத இளங்கழுகுகள், தடுமாறிக் கம்பத்தில் இறங்கும்போது மிகுதியாக மடிகின்றன.

வானளாவ நிற்கும் உயரழுத்தக் கோபுரங்களே கொல்லும் என்று எண்ணுவோம். உண்மை வேறு. அக்கோபுரங்களில் கம்பிகளுக்கிடையே வெளி அகலமானது. ஊருக்குள்ளும் தோட்டங்களுக்கும் மின்சாரம் கொண்டு செல்லும் சிறிய கம்பங்களில்தான் வெளி குறுகியது. மின்மாற்றி பொருத்திய கம்பங்களில் அது மேலும் குறுகியது. மரமற்ற வெட்டவெளியில் பறவைக்குக் கம்பமே மரம். இரை தேடவும் இளைப்பாறவும் அதையே நாடி வருகிறது. அங்கேயே எரிந்து விழுகிறது.

இதற்குப் பரிகாரம் காணப் பெரும் விஞ்ஞானம் தேவைப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில், கழுகுகள் சுடப்பட்டும் நஞ்சூட்டப்பட்டும் மடிவது பற்றி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் விசாரணைகள் நடந்தபோது, மின்கம்பங்களின் அடியிலும் கழுகுகள் இறந்து கிடப்பது வெளியாயிற்று. வேட்டைப் பறவைகளைப் பழக்குவதில் வல்லவரான மோர்லி நெல்சன் என்பவர், ஐடாஹோ மாநில மின்சாரக் கம்பனியோடு சேர்ந்து, தாம் வளர்த்த கழுகுகளை மாதிரிக் கம்பங்களில் இறங்கச் செய்து படம் பிடித்து ஆராய்ந்தார். கழுகு எங்கே கால் வைக்கிறது, செட்டை எதில் முட்டுகிறது என்பதெல்லாம் தெளிவாயின. கம்பிகளுக்கிடையே 150 சென்ரிமீற்றர் வெளி விடுவது, அது இயலாத இடத்தில் கம்பிக்கும் மின்மாற்றி இணைப்புக்கும் மின்கடத்தா உறை இடுவது, பறவை பாதுகாப்பாக அமர வேறிடம் அமைத்துக் கொடுப்பது என்பன வழிகளாக வகுக்கப்பட்டன. இவற்றை விளக்கும் கைநூல் 1975ஆம் ஆண்டிலேயே மின்சார நிறுவனங்களுக்காக வெளியிடப்பட்டது. இந்த ஆண்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எதிரிக் கூண்டில் ஒரு சங்கம்

மூன் லேக் மின்சாரச் சங்கம் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமியக் கூட்டுறவு. கொலராடோவில் ரேஞ்ஜ்லி என்னும் ஊருக்கு அருகேயுள்ள எண்ணெய் வயலுக்கு அது மின்சாரம் வழங்கியது. 1996 ஜனவரி தொடங்கி 1998 ஜூன் வரையான காலத்தில் அங்கு 38 வேட்டைப் பறவைகள் மாண்டன அல்லது காயமுற்றன என்றும், 2,450 கம்பங்களில் மலிவான காப்புச் சாதனங்களைப் பொருத்தாது விட்டமையே அதற்குக் காரணம் என்றும் அரசு குற்றஞ்சாட்டியது. வழக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 12 பொன்கழுகுகள், 4 பருந்துகள், 1 ஆந்தை ஆகியவற்றின் சாவுகள். கழுகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 7, 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ் 6, ஆகக் குற்றச்சாட்டுகள் 13.

சங்கத்தின் வாதம் சாமர்த்தியமானது. இச்சட்டங்கள் வேட்டைக்காரரையும் களவாக வேட்டையாடுவோரையும் நோக்கி எழுந்தவை. பறவையைக் கொல்லும் எண்ணமே இல்லாத மின்சாரச் சங்கத்தை அவை தீண்டா என்பது அவ்வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கொல்லுதல் என்று சட்டம் சொன்னால் கொல்லுதல்தான். துப்பாக்கியாற் கொல்லுதல் என்று அதனைச் சுருக்கிவிட முடியாது என்று கண்டது.

அப்படியாயின், சாளரக் கண்ணாடியில் குருவி மோதி இறந்தால் வீட்டுக்காரன் சிறை செல்ல வேண்டுமா? நியாயமான கேள்விதான். நீதிமன்றம் அதற்கும் எல்லை வகுத்தது. தன் செயலின் நேரடி விளைவாக இச்சாவு நேரும் என்று விவேகமுள்ள ஒருவன் முன்கூட்டியே உணரக்கூடியதாக இருந்ததா என்பதே அளவுகோல். எதிர்பாராது ஒருநாள் மோதிய குருவி வேறு. ஒரே வயலில், ஒரே விதமான கம்பங்களில், மாதந்தோறும் விழுந்து கிடந்த கழுகுகள் வேறு. முதலாவது விபத்து. இரண்டாவது அலட்சியம். இவ்விரண்டுக்கும் நடுவே நீதிமன்றம் இட்ட கோடுதான் அவ்வழக்கின் பெருமை.

பின்னர் சங்கம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டமும் நட்டஈடுமாக 1 இலட்சம் டொலர் கட்டவும், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படவும், பறவைப் பாதுகாப்புத் திட்டமொன்றை வகுத்து நிறைவேற்றவும் அது கட்டுப்பட்டது. மின்சார நிறுவனம் ஒன்றின் மீது இச்சட்டங்களின் கீழ்த் தொடரப்பட்ட முதலாவது குற்றவியல் வழக்கு இதுவே.

கைநூல் வெளியானது 1975. வழக்கு முடிந்தது 1999. இடையிற் கழிந்தவை 24 ஆண்டுகள். இந்த 24 ஆண்டுகளில் குறைந்திருந்தது அறிவன்று, சாதனமன்று, பெரும் பணமுமன்று. செய்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் ஒன்றே குறைந்திருந்தது. அந்தக் கட்டாயம் வந்த பின்னரே நிறுவனங்கள் விழித்தெழுந்தன. 2005இல் மின்சார நிறுவனங்களின் பறவைக் குழுவும் அரசின் வனசீவராசிச் சேவையும் சேர்ந்து, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனப் பாதுகாப்புத் திட்டம் வகுப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டன. அப்படியிருந்தும் 2009இல் பசிபிக்கோர்ப் என்ற பெரிய நிறுவனம் வயோமிங் மாநிலத்திற் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இரண்டரை ஆண்டுக் காலத்தில் அதன் கம்பிகளில் மாண்ட கழுகுகள் 232. தண்டமும் நட்டஈடுமாக 14 இலட்சம் டொலருக்கு மேல் விதிக்கப்பட்டது. கம்பங்களைத் திருத்த மேலும் 91 இலட்சம் டொலர் செலவிடுமாறும் பணிக்கப்பட்டது. உரிய காலத்தில் உறையிட மறுத்தவன் இறுதியிற் செலுத்திய விலை இது.

எழுத்து மாறவில்லை, பொருள் மாறியது

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. முடியவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க உள்துறைத் திணைக்களத்தின் சட்ட அதிகாரி, 1918ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டுமென்றே கொல்வோரை மாத்திரமே கட்டுப்படுத்தும் என்று வியாக்கியானம் செய்தார். 2020 ஆகஸ்டில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று அதனைத் தள்ளியது. 2021 ஜனவரியில் அதே கருத்து ஒழுங்குவிதி வடிவில் மீண்டும் வந்தது. அவ்வாண்டிலேயே அடுத்த அரசாங்கம் அதனை நீக்கியது. 2025 ஏப்பிரலில் பழைய வியாக்கியானம் மறுபடியும் உயிர்பெற்றது. சட்டத்தின் எழுத்தில் ஒன்றேனும் மாறவில்லை. எட்டாண்டுக்குள் அதன் பொருள் ஐந்து முறை புரண்டது! கழுகுகளுக்குத் தனிச்சட்டம் இருப்பதால் அவற்றின் நிலை வேறு. ஆந்தைக்கும் பருந்துக்கும் அந்த வாய்ப்பில்லை.

ஆளும் கட்சி மாறுந்தோறும் மாறும் பாதுகாப்பு, பாதுகாப்பே அன்று, அது தயவு. தயவை நம்பி வாழ்வோரின் நிலை எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வேறு வழியில்லையா? உண்டு. ஜேர்மனி 2002ஆம் ஆண்டிலேயே, புதிதாக நாட்டப்படும் நடுத்தர அழுத்தக் கம்பங்கள் பறவைக்குத் தீங்கற்றவையாக அமைய வேண்டும் என்றும், ஏற்கெனவே நிற்கும் ஆபத்தான கம்பங்களைப் பத்தாண்டுகளுக்குள் திருத்தி முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதி வைத்தது. கழுகு செத்த பின் வழக்குத் தொடுப்பது ஒரு முறை. கம்பம் நாட்டும் பொழுதே நிபந்தனை விதிப்பது மற்றொரு முறை. இரண்டாவதே சிறந்தது. அதற்கு வழக்குத் தொடுநரின் மனநிலை வேண்டியதில்லை. அளவுகோலும் நாட்காட்டியுமே போதும்.

காலந்தாழ்த்தினால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவின் கானமயில் சாட்சி. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எஞ்சியுள்ள இப்பெரும் பறவை மின்சாரம் தாக்கி மடிவதில்லை. கம்பியில் மோதி மடிகிறது. முன்னே பார்க்கும் பார்வைப்புலம் அதற்குக் குறுகியது. உடலோ கனமானது, கம்பியைக் கண்டாலும் கணத்தில் திரும்ப இயலாது. 2021 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியிற் புதைக்கவும், கம்பியில் எச்சரிக்கைத் தட்டுகளைத் தொங்கவிடவும் கட்டளையிட்டது. கட்டளை ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீற்றர் பரப்பைத் தழுவியது. சூரிய மின்திட்டங்களுக்கு அது பெருந்தடை என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் நீதிமன்றம் கட்டளையைத் தளர்த்தி நிபுணர் குழுவொன்றை நியமித்தது. கம்பி இழுத்த பின் நீதிபதியும் இடர்ப்படுகிறார். கம்பி இழுக்குமுன் ஒரு பொறியியலாளரின் பேனாவே போதுமானதாக இருந்திருக்கும்.

மன்னாரை நினைத்து

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாம் இருந்துவிட முடியாது. வடக்கிலிருந்து ஆண்டுதோறும் வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கையின் வாசல் மன்னார். வங்காலைப் பறவைச் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதே மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில், 30 காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாற்று நிலையம் தொடக்கி வைக்கப்பட்டது. காற்று உள்ள இடத்தில் காற்றாலை எழும்; காற்றாலை எழுந்த இடத்திலிருந்து கம்பி இழுபடும். காற்றாலையின் சுழலியைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். கம்பியைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

பூநாரை போன்ற நீர்ப்பறவைகள் கூட்டமாக, அந்தியிலும் இரவிலும் பறப்பவை. தடித்த மின்கம்பியைக் கண்டு மேலெழும் பறவை, அதற்கும் மேலே இடிமின்னலுக்குக் காப்பாகக் கட்டிய மெல்லிய கம்பியைக் காணாது மோதுகிறது. அக்கம்பியிற் சுருள்களும் தட்டுகளும் தொங்கவிட்டால் மோதல்கள் குறைகின்றன; அறவே நிற்பதில்லை. ஆகவே ஈரநிலத்தைச் சுற்றிச் செல்லும் பாதையைத் தெரிந்தெடுப்பதே முதற் பரிகாரம்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நீரிறைக்கும் கமக்காரனுக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். வயலில் எலி பிடிக்கும் ஆந்தையின் அருமையும் அவனுக்குத் தெரியும். பாதுகாப்புச் செலவு மின்கட்டணத்தில் ஏறிவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவோம். பறவை எரிந்து விழும்போது பல வேளைகளில் மின்சாரமும் நின்று போகிறது, அதுவும் செலவே. நாட்டும் பொழுது சில அங்குலம் அகலமாக நாட்டுவதற்கும், நாட்டிய பின் ஆயிரக்கணக்கான கம்பங்களில் மீண்டும் ஏறி உறையிடுவதற்கும் உள்ள பேதத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் அறிவர்.

ஆகவே, எந்த ஊரிலாயினும் புதிய கம்பித் திட்டம் ஒன்று மக்கள் கருத்துக்கு வரும்போது, மூன்று கேள்விகளை எழுத்திற் கேளுங்கள். கம்பிகளுக்கிடையே விடப்படும் வெளி எவ்வளவு? ஈரநிலத்தைக் கடக்கும் பாதைக்கு மாற்றுப் பாதை ஆராயப்பட்டதா? கம்பத்தடியில் விழும் பறவைகளை எண்ணிக் கணக்குக் காட்டுவது யார் பொறுப்பு? விடையையும் எழுத்திற் பெறுங்கள். விடையில் ஆண்டும் அளவும் இல்லையாயின் அது விடையன்று, சமாளிப்பு.

நல்லெண்ணத்தாற் காப்பாற்றப்பட்ட கழுகுகளைவிட, 150 சென்ரிமீற்றர் என்னும் அளவாற் காப்பாற்றப்பட்டவை அதிகம். வாக்குறுதி இனிக்கும், அளவுதான் காக்கும்.